விரலுக்குத் தெரிந்த எழுத்துகள்

பொத்தான் விசைப்பலகை உள்ள கைப்பேசியை விட்டுத் தொடுதிரைத் திறன்பேசிக்கு மாறியவர்களிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் வேகத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகம் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. பழகப் பழகக் கட்டைவிரல்கள் கண்ணாடியின் மேலும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. திரும்பி வராதது வேறொன்று. பொத்தான்களில் எழுதியபோது என் கண் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தின் மேலேயே இருந்தது; கண்ணாடியில் எழுதும்போதோ அது எழுத்துகளைத் தேடிக் கீழே இறங்கிவிடுகிறது. நீண்ட காலம் பொத்தான் கைப்பேசியில் எழுதிவிட்டுத் தொடுதிரைக்கு வந்தவன் என்ற முறையில், இந்த மாற்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது ஏன் சற்று வேறு விதமாக முடிகிறது என்பதையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

கைக்குள் அடங்கும் முழு விசைப்பலகை என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் பரப்பியது கனடாவின் வாட்டர்லூ நகரத்தைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம். 1999-இல் அவர்கள் வெளியிட்ட பிளாக்பெர்ரி 850 பேசும் கருவி அல்ல. மின்னஞ்சல் வாங்கி அனுப்பும் பேஜர். நான்கு விரல்களால் பிடித்துக்கொண்டு இரு கட்டைவிரல்களாலும் எழுதும் முறை அந்தச் சிறு கருவியின் வழியாகத்தான் பலருக்கும் பழக்கமானது. 2008-இல் வந்த பிளாக்பெர்ரி போல்டு 9000-இல் அது முழுமை அடைந்தது என்பது என் கருத்து. அதன் பொத்தான்கள் தட்டையானவை அல்ல. ஒவ்வொன்றின் மேற்பரப்பும் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் சரிவாகவும் செதுக்கப்பட்டிருந்ததால், பொத்தான்களுக்கு இடையே வெளி இல்லாதபோதும் எது எங்கே முடிகிறது என்பதை விரல்நுனி உணர்ந்துகொண்டது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஓடிய மெல்லிய உலோகக் கோடு, விரல் எந்த வரிசையில் நிற்கிறது என்பதைச் சொன்னது. கணினி விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேலும், எண் பலகையில் 5-இன் மேலும் இருக்கும் சிறு மேடு செய்யும் வேலையை, இங்கே எல்லா விசைகளும் சேர்ந்து செய்தன.

அந்தச் செதுக்கலின் பயன் என்ன என்பது அதை இழந்த பிறகுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது. ஒரு பொத்தானில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. முதலில் விரல் அதைக் கண்டுபிடிக்கிறது, பிறகு அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது, அந்தக் கணத்தில் தவறான இடத்தில் இருக்கும் விரல் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை யோசிக்கலாம், ஒன்றும் ஆகாது. எழுத்து திரையில் விழுவதற்கு முன்பே அது சரியான எழுத்துதான் என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணாடியில் அந்தக் கணம் இல்லை. இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. மின்னேற்றத்தில் ஏற்படும் மாறுதலை உணர்கின்றன. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய மின்கடத்திப் படலம் ஒன்று கட்டங்களாக அமைந்திருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடால் ஆனது. மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுள்ள நம் விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது, அந்த மாற்றமே தொடுகையாகப் பதிவாகிறது. எனவே வருடினாலும் தொடுகைதான், தேடினாலும் தொடுகைதான், இளைப்பாற விரலை வைத்தாலும் தொடுகைதான். தேடுவதும் அழுத்துவதும் ஒரே செயலாகிவிட்டபடியால், தேடும் வேலை முழுவதும் கண்ணுக்குப் போய்விட்டது. இது பழக்கக் குறைவால் வருவது அன்று. எத்தனை ஆண்டுகள் பழகினாலும் கண்ணாடியின் இயல்பு இதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நாம் குறிபார்ப்பது விரலின் நுனியை வைத்து. கண்ணாடியில் படுவதோ அதற்குச் சற்றுக் கீழேயுள்ள சதைப்பகுதி. நாம் தொட்டதாக நினைக்கும் இடமும் உண்மையில் தொட்ட இடமும் ஒன்றல்ல. மென்பொருள் இதைக் கணக்கில் கொண்டு தொடுபுள்ளியைச் சற்று மேலே நகர்த்திக்கொள்கிறது. பேசியை மேசையில் வைத்துவிட்டு வேறொரு கோணத்திலிருந்து தொட்டால் பிழைகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். படுத்துக்கொண்டே எழுதுபவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இந்தக் குறையைப் பொறியாளர்கள் அறியாமல் இல்லை. 2008-இன் பிற்பகுதியில் வந்த பிளாக்பெர்ரி ஸ்டார்ம் கருவியில் திரை முழுவதுமே ஒரு பெரிய பொத்தானாக அமைக்கப்பட்டிருந்தது. விரலை வைத்தால் எழுத்து ஒளிரும். திரையை அழுத்தி அது சொடுக்கென்று உள்ளே போனால்தான் எழுத்து பதியும். தேடலையும் அழுத்தலையும் மறுபடி பிரித்துவிட வேண்டும் என்ற சரியான நோக்கம் அது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் முழுத் திரையையும் அசைக்க வேண்டியிருந்ததால் எழுதுவது மெதுவாகிவிட்டது, அந்த முயற்சி நிலைக்கவில்லை. நோக்கம் வெற்றி பெற்றது வேறோர் இடத்தில். 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸுடன் வந்த வாய்ஸ்ஓவர், பார்வையற்றவர்கள் திரையின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போக, விரலுக்கு அடியில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லியது. தேவையானது வந்தபின் தனியாகத் தட்டினால்தான் அது செயல்படும். கண்ணால் தேட முடியாதவர்களுக்காக ஒரு கருவியை அமைக்க முனைந்தபோது, தேடுதலையும் அழுத்துதலையும் பிரிக்காமல் வேலை நடக்காது என்பது தெரிந்துவிட்டது. பார்வையுள்ளவர்களிடம் அந்தப் பிரிவைப் பறித்துக்கொண்டு, அதன் இடத்தில் வேறொன்றை வைத்தார்கள்: ஊகம்.

2007 ஜனவரியில் முதல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அன்றைய நான்கு விசைப்பலகைக் கைப்பேசிகளைத் திரையில் காட்டி, அவற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த பிளாஸ்டிக் பொத்தான்களைத்தான் குறையாகச் சொன்னார். தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் அவை அங்கேயே இருக்கின்றன, எந்தச் செயலிக்கும் தக்கபடி மாறுவதில்லை என்பது அவருடைய வாதம். வாதம் சரியானதே. ஆனால் மூன்றரை அங்குலத் திரையில் கட்டைவிரலைவிடச் சிறிய எழுத்துகளை வைத்து எழுதவைப்பது எப்படி? அந்த விசைப்பலகையை உருவாக்கிய ஆப்பிள் பொறியாளர் கென் கோசியெண்டாவும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்ட வழி, விரல் எங்கே பட்டது என்பதோடு எந்தச் சொல்லை எழுத நினைத்திருப்பார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது. அடுத்து வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பு நம் கண்ணுக்குத் தெரியாமலேயே பெரிதாகிறது. வர வாய்ப்பில்லாத எழுத்தின் பரப்பு சுருங்குகிறது. நாம் ஓரத்தில் தொட்டாலும் சரியான எழுத்து விழுவதற்கு அதுவே காரணம். முதல் ஆண்ட்ராய்டு பேசியான 2008-இன் ஹெச்டிசி டிரீம், இந்தச் சிக்கலுக்குள் நுழையாமல், திரையை நகர்த்தினால் வெளிப்படும் பொத்தான் விசைப்பலகையோடு வந்தது. ஆண்ட்ராய்டில் திரை விசைப்பலகை வந்து சேர்ந்தது 2009-இன் 1.5 பதிப்பில்தான்.

நான் மாறியதற்கான காரணத்தை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. செயலிகள் ஒவ்வொன்றாகப் பழைய கருவியைக் கைவிட்டன. 2017-இல் பழைய பிளாக்பெர்ரி இயங்குதளங்களுக்கும் நோக்கியாவின் சிம்பியன் எஸ்60-க்கும் வாட்ஸ்அப்பின் ஆதரவு முடிவுக்கு வந்தது என்பதைச் சொன்னாலே, அந்தக் காலத்தில் அத்தகைய கருவிகளை வைத்திருந்தவர்களின் நிலை விளங்கும். எல்லோரும் இருக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டுமென்றால் கருவியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாறிய தொடக்க நாட்களில் நான் செய்துகொண்டிருந்தது, ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுவிட்டு, அது சரியாக விழுந்ததா என்று மேலே பார்த்து, பிறகு அடுத்த எழுத்துக்கு இறங்குவது. பொத்தானில் இருந்து வருகிற எவருக்கும் இது இயல்பாக வரும். எழுத்துக்கு எழுத்து உறுதி வேண்டும் என்று விரல் கேட்கிறது. ஊகிக்கும் விசைப்பலகை எதிர்பார்ப்பதோ இதற்கு நேரெதிர். சொல்லை முழுவதும் தயங்காமல் தட்டி முடித்த பிறகுதான் அதற்குப் போதுமான தடயங்கள் கிடைக்கின்றன. இடையில் நிறுத்தித் திருத்தினால் அதன் கணக்கு கலைகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து என் வேகம் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. 2019-இல் ஆல்டோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் ஈடிஹெச் சூரிச்சும் சேர்ந்து சுமார் 37,000 பேரின் கைப்பேசித் தட்டச்சை ஆராய்ந்தபோது, சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள் என்று தெரியவந்தது. இரு கட்டைவிரல்களால் எழுதுபவர்கள் அதையும் சற்றுத் தாண்டினார்கள். தானியங்கித் திருத்தம் வேகத்தைக் கூட்டுகிறது என்பதும், மேலே தோன்றும் சொற்பரிந்துரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வேகத்தைக் குறைக்கிறது என்பதும் அதே ஆய்வில் வந்த முடிவுகள். அதில் பங்கெடுத்தவர்கள் எழுதியது ஆங்கிலம்.

தமிழில் இந்த இரண்டு முடிவுகளும் எனக்குத் தலைகீழாகவே அமைந்தன. ஆங்கிலச் சொல்லுக்குச் சில வடிவங்கள் மட்டுமே. நம் சொற்களோ வேற்றுமையும் காலமும் இடமும் எண்ணும் உருபுகளாக ஒட்டிக்கொண்டே போக நீள்பவை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறோம். அப்படிப்பட்ட எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலில் அடைக்க முடியாது. பட்டியலில் இல்லாத சரியான சொல்லைப் பிழை என்று கருதி, பட்டியலில் இருக்கும் பொருத்தமில்லாத சொல்லைத் தானியங்கித் திருத்தம் வைத்துவிடும்போது, வாக்கியம் தடுமாறுகிறது. ஒற்று மிகும் இடங்களில் நாம் வேண்டுமென்றே இடும் க், ச், த், ப் நீக்கப்படுவதும் நடக்கிறது. ஆகவே தமிழில் எழுதும்போது நான் தானியங்கித் திருத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். பரிந்துரைப் பட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு நீளச் சொல்லின் முதல் சில எழுத்துகளிலேயே அது மேலே வந்துவிட்டால், பத்துப் பதினைந்து தொடுகைகள் மிச்சமாகின்றன. திருத்துவதற்கு இயந்திரத்துக்கு அதிகாரம் வேண்டாம், நினைவூட்டினால் போதும். ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக மாற்றும் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கக்கூடும். எனக்கு அந்த முறை ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. ஒரு தமிழ்ச் சொல்லை நினைத்து, அதை ரோமன் எழுத்தாக்கி, ல-வா ள-வா ழ-வா என்று இயந்திரம் நீட்டும் பட்டியலில் மறுபடியும் தேடுவது, எழுதும் கையைவிட மனத்தைச் சோர்வாக்குகிறது.

இங்கேதான் கண்ணாடிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வைத்திருந்த பொத்தான் கைப்பேசியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுதுவது இருக்கட்டும், படிக்கவே வழி இல்லாமல் இருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்து வடிவங்களைப் படமாக அனுப்பும்படி ஒரு தெரிவை மாற்றினால், அவர்களுடைய வழங்கியே (சர்வர்) எழுத்துகளைப் படங்களாக்கி அனுப்பிவைக்கும். அன்றைக்குக் கைப்பேசியில் தமிழ் படித்த பலரும் இந்த வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் படித்தோம். அதில் படிக்கலாம், எழுத முடியாது.

பொத்தான்களில் தமிழ் ஏறாமல் போனதற்குச் சந்தையின் அளவு மட்டும் காரணம் அல்ல, வடிவமும் காரணம். கைப்பேசி விசைப்பலகையில் ஒரு வரிசைக்குப் பத்துப் பொத்தான்கள். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் 12 உயிரும் 18 மெய்யும் இடம்பெற வேண்டும். மேல் வரிசையில் மட்டுமே பன்னிரண்டு விசைகள் ஓடுகின்றன. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம், அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கையின் நடுவரிசையில் என்று அருமையாகத் திட்டமிடப்பட்ட அமைப்பு அது. ஆனால் அதைப் பத்துப் பொத்தான்களுக்குள் திணித்தால் எழுத்துகள் மூலைகளுக்குச் சிதறிவிடும். கண்ணாடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மொழியை மாற்றியதும் வரிசையில் விசைகள் கூடுகின்றன, அகலம் குறைகிறது, எழுத்துகள் அவற்றுக்கு உரிய இடத்தில் வந்து அமர்கின்றன. சில தமிழ் விசைப்பலகைகளில் க-வைத் தொட்டவுடன் உயிரெழுத்துகள் இருந்த இடமெல்லாம் கா, கி, கீ, கு என்று மாறிவிடுகிறது. அச்சிட்ட எந்தப் பொத்தானாலும் இதைச் செய்ய முடியாது. ஐபோன் இயங்குதளத்தின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பான ஐஓஎஸ் 7-இல், தமிழ்99-உம் ஆங்கில எழுத்துகளின் ஒலியை ஒட்டித் தமிழை எழுதும் ‘அஞ்சல்’ அமைப்பும் ஆகிய இரண்டும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தன. கூடுதலாக எதையும் நிறுவாமல் தமிழில் எழுதலாம் என்ற நிலை அந்தப் பேசிகளில் அப்போது ஏற்பட்டது.

தமிழ்99-இல் ‘அம்மா’ என்று எழுத, அ, ம, ம, ஆ என்று தொட்டால் போதும்; ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக வைக்கப்படுகிறது. ‘பந்து’ எழுத ப, ந, த, உ. மெல்லினத்தைத் தொடர்ந்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானாக விழுகிறது. இதுவும் ஊகம்தான் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் இது மொழியின் விதியிலிருந்து வரும் ஊகம். எப்போது என்ன செய்யும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு சொல்லை நான் எழுதப்போகும்போதே அதன் புள்ளிகள் எங்கே தாமாக விழும் என்பதை விரல் அறிந்திருக்கிறது. பொத்தான்களில் எனக்குக் கிடைத்த நம்பிக்கையின் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் திரும்பக் கிடைத்தது. கண் இப்போதும் கீழே இறங்குகிறது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் இறங்குவதில்லை.

திருத்துவதுதான் இன்றும் துன்பமாக இருக்கிறது. பழைய கருவியில் விசைப்பலகைக்கு மேலே ஒரு சிறு உருளை இருந்தது. அதை ஒரு தடவை உருட்டினால் கர்சர் ஓர் எழுத்து நகரும். கண் திருத்த வேண்டிய இடத்திலேயே நிற்கும், விரல் அந்த இடத்தை மறைக்காது. கண்ணாடியில் திருத்த வேண்டிய எழுத்தின் மேலேயே விரலை வைக்க வேண்டும், வைத்ததும் அந்த எழுத்து விரலுக்கு அடியில் மறைந்துவிடும். தமிழில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ‘கோ’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியில் (யூனிகோட்) அது க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். அழிப்பு விசையைத் தொட்டால் பெரும்பாலும் குறி மட்டும் போய் க நிற்கிறது. ‘கோ’வின் இடையில் கர்சரைக் கொண்டுபோய் வைக்கவும் முடியாது. இந்தத் தொல்லைக்கு நான் கண்ட நல்ல தீர்வு, இடைவெளி விசையின் மேல் விரலை வைத்து இடமும் வலமும் நகர்த்துவது. ஐபோன்கள் எல்லாவற்றிலும் 2018-இன் ஐஓஎஸ் 12 முதல் இது கிடைக்கிறது, ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டிலும் உண்டு. புதிதாக மாறுபவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான். பலர் ஆண்டுக்கணக்கில் திறன்பேசி வைத்திருந்தும் இதை அறியாமல், ஒரு தவறான எழுத்துக்காகச் சொல் முழுவதையும் அழித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

குறுக்குவிசைகளும் போயின. பிளாக்பெர்ரியில் அஞ்சல் பட்டியலைத் திறந்து வைத்திருக்கையில் டி-ஐ (T) அழுத்தினால் உச்சிக்குப் போகும், பி-ஐ (B) அழுத்தினால் அடிக்குப் போகும், சி-ஐ (C) அழுத்தினால் புதிய மடல் திறக்கும். விசைப்பலகை எப்போதும் அங்கேயே இருப்பதால் கிடைத்த பயன் இது. தேவையற்றபோதும் பொத்தான்கள் இருக்கின்றன என்று சொல்லப்பட்ட குறையின் மறுபக்கம். திரையில் தோன்றி மறையும் விசைப்பலகையால் இதைத் தர இயலாது, அது தோன்றும்போதோ திரையின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொள்கிறது. பெரிய திரை வாங்கியவர்கள் எழுதும் நேரத்தில் பார்ப்பது சிறிய திரையைத்தான்.

அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடும்போதெல்லாம் பேசி மெல்ல அதிர்வதைப் பொத்தானுக்கு மாற்று என்று சொல்கிறார்கள். என் விரலுக்கு அது மாற்றாகவில்லை, ஏனென்றால் எழுத்து விழுந்த பிறகே அதிர்வு வருகிறது. எந்த எழுத்து விழுந்தாலும் அதே அதிர்வுதான். பொத்தானின் மேடும் சரிவும், எழுத்து விழுவதற்கு முன்பே அது எது என்று சொல்லின. நான் அதிர்வை நிறுத்திவிட்டேன்.

பொத்தான்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2018-இல் பிளாக்பெர்ரி கீ2 வந்தது. பழைய பிளாக்பெர்ரி இயங்குதளங்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதி நிறுத்தப்பட்ட பிறகும், 2024-இல் ஐபோனின் அடியில் பொருத்திக்கொள்ளும் கிளிக்ஸ் என்னும் பொத்தான் விசைப்பலகை உறை விற்பனைக்கு வந்தது. அப்படியொன்றை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் நிறைய எழுதுபவராக இருந்தால் வாங்கிப் பாருங்கள் என்றே சொல்வேன். கண் வாக்கியத்தின் மேல் நிற்கும் சுகத்தை அறியாதவர்கள் ஒரு முறையாவது அறிந்துகொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை. அதன் பொத்தான்களில் இருப்பவை ரோமன் எழுத்துகள், வரிசையும் அந்தப் பழைய பத்துப் பொத்தான் வரிசைதான், நான் எழுதுவதில் பெரும்பகுதி தமிழ். வலப்பக்கத்தில் க, ப, ம, த என்று தடவி உணரக்கூடிய மேடுகளோடு, பன்னிரண்டு விசை வரிசையில், பேசியோடு சேர்த்து இரு கைகளில் பிடிக்கும் அளவில் ஒரு தமிழ்99 விசைப்பலகையை யாராவது செய்தால், விலையைக் கேட்காமல் வாங்குவேன்.